எங்கள் கடைத்தெரு 'மாதிரிச் சாலை' ஆகிறது: கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு எப்படித் தயாராவது?

கேள்வி
எழுதியவர்: கீழவீதித் தையல்கடை

வணக்கம். காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு மாநகராட்சி எங்கள் ஊர். பெயர் வேண்டாம், நாளைக்கும் அதே அலுவலகத்துக்குத்தான் நான் போய் நிற்க வேண்டும். தையல் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடமாகத் தெருக் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர்.

எங்கள் கடைத்தெரு ஏறக்குறைய 600 மீட்டர் நீளம். ஒரு முனையில் தேரடி, மறுமுனையில் காய்கறி மார்க்கெட். பக்கத்து ஊர்களில் ஸ்மார்ட் சிட்டி பணத்தில் செய்ததைப் பார்த்து இங்கேயும் அதே மாதிரி செய்யப் போகிறார்களாம். அகலமான நடைபாதை, மண்ணுக்கடியில் மின்கம்பி, கேமரா கம்பங்கள், இலவச வைஃபை, நிறைந்தால் தானே தகவல் அனுப்பும் குப்பைத் தொட்டி. அடுத்த மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று கவுன்சிலர் சொன்னார்.

எனக்கு இந்தத் திட்டம் வேண்டும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் எங்கள் தெருப் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். நடைபாதை என்ற ஒன்றை இந்தத் தெருவில் நான் பார்த்ததே இல்லை. அதனால் கொடி பிடிக்க வழி கேட்டு இதை எழுதவில்லை.

என் பயம் வேறு. சில வருடங்களுக்கு முன் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டும்போதும் கருத்துக் கேட்டார்கள். புதன்கிழமை காலை 11 மணி, கல்யாண மண்டபம். கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். 40 பேர் இருந்திருப்போம், பாதிப் பேர் ஊழியர்கள். திரையில் படம் ஓடியது, எழுத்தெல்லாம் ஆங்கிலம். நடுவில் டீயும் சமோசாவும். கடைசியாக "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார்கள். ஒரு பெரியவர் எழுந்து கழிப்பறை எந்தப் பக்கம் வரும் என்று கேட்டார். "எல்லாம் பிளான்ல இருக்கு ஐயா" என்று பதில் வந்தது. வாசலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

கட்டி முடித்த நிலையம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உட்கார எஃகுக் குழாய் இருக்கை. கூரை ரொம்ப உயரம், அதனால் பிற்பகல் வெயில் சாய்ந்து வந்து நேராக இருக்கையின் மேல் விழுகிறது. சித்திரை மாதம் மூன்று மணிக்கு அதில் கை வைக்க முடியாது. கிராமத்திலிருந்து வரும் பாட்டிகள் தூணின் நிழல் எங்கே விழுகிறதோ அங்கே தரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்துகொண்டே போவார்கள். அந்தப் பாட்டிகளில் ஒருவரைக்கூட யாரும் மண்டபத்துக்குக் கூப்பிடவில்லை. நானும் கூட்டிக்கொண்டு போகவில்லை. அது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

இந்த முறை அப்படி ஆகக் கூடாது. கூட்டத்தில் என்ன கேட்பது, யாரையெல்லாம் அழைத்துப் போவது, நாங்கள் சொல்வது காகிதத்தில் ஏற என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1
எழுதியவர்: மழைநீர்வடிகால்

வணக்கம் அம்மா. நகராட்சி, மாநகராட்சிப் பொறியியல் பிரிவில் 30 வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன மாதிரிக் கூட்டங்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கூட்டம் தொடங்கியதும் முதல் ஆளாக எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் இன்னும் முடிவாகாதது எது?" வேறு எந்தக் கேள்வியும் இதற்கு அப்புறம்தான்.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு சாலை வேலைக்கு விரிவான திட்ட அறிக்கை, எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு என்று வரிசை உண்டு. தொழில்நுட்ப அனுமதிக்கு முன்னால் நீங்கள் சொன்னால் வரைபடத்தில் ஒரு கோட்டை அழித்து வேறு கோடு போடுவதோடு முடிந்தது. வேலை உத்தரவு கொடுத்த பிறகு அதே கோட்டை நகர்த்த வேண்டுமானால் திருத்திய எஸ்டிமேட், விளக்கக் கடிதம், தணிக்கைக் கேள்வி என்று பொறியாளரின் தலைக்கு வரும். மனசு இருந்தாலும் அவர் தயங்குவார். உங்கள் பேருந்து நிலையக் கூட்டம் பெரும்பாலும் டெண்டருக்குப் பிறகு நடந்திருக்கும் என்பது என் ஊகம். எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கூட்டத்துக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். சொல்லவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி மனு போடுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். உங்களுக்கு நாள் குறைவு, இன்றைக்கே போடுங்கள்.

மக்களிடம் ஏன் கேட்க வேண்டும் என்று எனக்குப் புரியவைத்தவர் ஒரு இஸ்திரி வண்டிக்காரர். ஒரு சந்தில் வடிகாலுக்கு லெவல் எடுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் மேற்கே குளத்துக்கு ஓடும் என்று கருவி சொன்னது, அப்படியே வரைந்தேன். வண்டிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, "சார், மழை பெய்யும்போது இங்கே தண்ணி நிக்காது. மழை விட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் வரும், குளத்துலேருந்து திரும்பி வரும்" என்றார். குளம் நிரம்பினால் எதிர்த்து ஏறுகிறது. நான் லெவல் எடுத்தது கோடையில், குளத்தில் தண்ணீரே இல்லை. மறுநாள் கடைசி முனையை மாற்றி வரைந்தோம், ஒரு நாள் வேலைதான். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் குளத்துத் தண்ணீரை வீட்டுக்குள் கொண்டுவர நானே கான்கிரீட்டில் வழி கட்டிக் கொடுத்திருப்பேன்.

இன்னொன்றையும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015 ஜூன் 25-ல் தொடங்கியது. நாடு முழுக்க 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11. நகரத்துக்கு 500 கோடி வரை மத்திய அரசு, அதற்கு ஈடாக மாநிலம் என்று கணக்கு. நகரங்களைப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தபோது மக்களிடம் கருத்துக் கேட்டதையும் கணக்கில் எடுத்தார்கள். மத்திய அரசு மக்களிடம் கருத்துக் கேட்கும் மைகவ் (MyGov) இணையதளத்தில் கருத்து, வாக்கு என்று நிறைய நடந்தது. ஆனால் தமிழ்நாட்டு நகர்ப்புற மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்து, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நடுவில் தனி அலுவலர் ஆட்சி. வேலைகள் மும்முரமாக நடந்த அத்தனை வருடமும் "என் தெருவில் ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. திட்டத்தை நடத்தியதும் தனியாகப் பதிவு செய்த கம்பெனி. அதிகாரிகள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை, நானும் அதில் ஒருவன்தான். கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் நல்ல பொறியாளரும் தன் மேசையைப் பார்த்துத்தான் வரைவார்.

இப்போது உங்களுக்குக் கவுன்சிலர் இருக்கிறார். வார்டு குழு, பகுதி சபை (வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடிப் பேசும் சபை) விதிகளும் 2022-ல் வந்துவிட்டன. கருத்துக் கேட்புக் கூட்டத்தை மட்டும் நம்பாமல், இதைப் பகுதி சபையிலும் வைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

வரைபடத்தைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் புரியாது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கோலப்பொடியால் நடைபாதையின் ஓரத்தைத் தெருவிலேயே கோடு போட்டுக் காட்டுங்கள். கம்பம் வரும் இடத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து வையுங்கள். அப்புறம் மக்களே பேசுவார்கள். சென்னை தி. நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறப்பதற்கு முன்னால், வண்டிகளை மறித்து ஒத்திகை பார்த்தார்கள். அங்கே பெரிய அளவில் செய்ததை நீங்கள் ஒரு டப்பா கோலப்பொடியில் செய்துவிடலாம்.


பதில் 2
எழுதியவர்: தரைக்கடைச் சங்கம்

அக்கா, உங்கள் தெருவில் கூடை வைத்து விற்பவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள் எத்தனை பேர்? நீங்கள் ஒரு வரிகூட அவர்களைப் பற்றி எழுதவில்லை. அகல நடைபாதை வந்தால் முதலில் காலி பண்ணச் சொல்வது அவர்களைத்தான்.

2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டத்தை ஒரு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் ஊரில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். அந்தக் குழுவில் இந்தத் தெருவைப் பற்றிப் பேசினார்களா என்றும் கேளுங்கள்.

அப்புறம், காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் எங்கள் ஆட்கள் வர மாட்டார்கள். வியாபார நேரம். பூக்காரர்களுக்கு விடியற்காலையும் சாயங்காலமும் உயிர், நடுப்பகலில் தூங்குவார்கள். காய்கறிக்காரர்கள் மதியம் ஒரு மணிக்கு மேல்தான் தலை நிமிர்வார்கள். ஒரே கூட்டத்தில் எல்லாரையும் பிடிக்க முடியாது. நீங்கள்தான் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், நின்றுகொண்டு கேட்டால் அதிகாரி என்று நினைத்து "ஒண்ணும் குறை இல்லம்மா" என்று சொல்லிவிடுவார்கள்.


பதில் 3
எழுதியவர்: சக்கரநாற்காலி

நடைபாதை விளிம்பு 15 செ.மீ. உயரத்துக்கு மேல் போகக் கூடாது, சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் (IRC) அமைப்பின் விதியிலேயே இருக்கிறது. சரிவுப் பாதை 12 அடி நீளத்துக்கு ஒரு அடிதான் ஏற வேண்டும். பைக் ஏறாமல் இருக்க நடும் தூண்களுக்கு நடுவில் என் நாற்காலி நுழைய 90 செ.மீ.யாவது விடுங்கள். மூன்றையும் அளவோடு எழுதிக் கொடுங்கள். "மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவாறு" என்று மட்டும் எழுதினால் ஒரு சரிவைக் கட்டி அதன் வாயிலேயே தூணை நட்டுவிடுவார்கள். என் தெருவில் அதுதான் நடந்திருக்கிறது.


பதில் 4
எழுதியவர்: ஸ்காபரோவாசி

வணக்கம் சகோதரி. யாழ்ப்பாணத்தில் பிறந்து 28 வருடமாகக் கனடாவின் ரொறன்ரோவில் இருக்கிறேன். கமராவும் வைஃபையும் வரும் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் இந்தப் பதில்.

எங்கள் நகரத்தின் ஏரிக்கரையில் கீசைட் என்று 12 ஏக்கர் நிலம். 2017 ஒக்டோபரில் அதை 'இணையத்திலிருந்து கட்டியெழுப்பும் நகரம்' ஆக்கப் போவதாக சைட்வோக் லாப்ஸ் வந்தது. கூகிளின் தாய் நிறுவனமான அல்ஃபபெட்டினுடைய கம்பனி. மக்களைக் கேட்கவில்லை என்று அவர்களைச் சொல்ல முடியாது. வட்டமேசைக் கூட்டங்கள் வைத்தார்கள், ஏரிக்கரையில் ஒரு இடத்தைத் திறந்து வந்து பாருங்கள் என்றார்கள். நானும் மகளோடு போய், விளக்கு எரியும் அறுகோணத் தளக்கற்களின் மேல் நடந்து பார்த்தேன். வடிவாகத்தான் இருந்தது.

கல்லின் நிறத்தைப் பற்றியும் மரக் கட்டடங்களைப் பற்றியும் எவ்வளவும் கதைக்கலாம். சந்தியில் நடக்கிற ஆட்களைப் பற்றிச் சேர்க்கும் தரவு யாருடையது என்று கேட்டால் மட்டும் தெளிவான மறுமொழி கிடைக்கவில்லை. ஒன்ராறியோவின் முன்னாள் தனியுரிமை ஆணையர் ஆன் கவூக்கியன் அவர்களுக்கு ஆலோசகராக இருந்தவர். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களைச் சேர்க்கிற இடத்திலேயே அழிக்க வேண்டும் என்றார். மற்ற நிறுவனங்களுக்கு அதைக் கட்டாயமாக்க முடியாது என்றதும் 2018 ஒக்டோபரில் விலகினார். 2019 ஜூனில் 1,500 பக்கங்களுக்கு மேல் ஒரு திட்டம் வந்தது. அதில் 12 ஏக்கர் 190 ஏக்கராக வளர்ந்திருந்தது! அதற்குள் ஊர்ச் சனம் சேர்ந்து எதிர்ப்பு இயக்கமே தொடங்கியிருந்தது, கனடியக் குடிசார் சுதந்திரச் சங்கம் வழக்கும் போட்டிருந்தது. அந்த வருட ஒக்டோபர் கடைசியில் திரும்பவும் 12 ஏக்கருக்குள் கொண்டுவந்தார்கள். 2020 மே மாதம், பொருளாதார நிலை நிச்சயமில்லை என்று காரணம் சொல்லி, கம்பனி கையை விரித்துவிட்டது.

இவ்வளவு கெட்டிக்காரர் இருந்த திட்டத்தில் அந்த ஒரு கேள்வியை முதல் நாளே மேசையில் வைத்து முடித்திருந்தால் மூன்று வருடம் வீணாகியிருக்காது என்பது என் எண்ணம். ஆகவே உங்கள் கூட்டத்தில் கேளுங்கள்: கமராப் பதிவு எத்தனை நாள் இருக்கும்? யார் பார்க்கலாம்? பராமரிக்கிற கம்பனியின் ஒப்பந்தம் முடிந்தால் பதிவுகள் யாரிடம் போகும்? வைஃபையில் நுழைய தொலைபேசி இலக்கம் கேட்டால், அந்த இலக்கம் எங்கே சேரும்? உங்கள் ஊர்ப் பொம்பிளைப் பிள்ளைகள் அந்தத் தெருவால்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். கமரா அவர்களுக்குக் காவலாக இருக்க வேண்டுமென்றால் இந்த மறுமொழிகள் எழுத்தில் இருக்க வேண்டும்.


கேள்வி கேட்டவரின் பதில்
எழுதியவர்: கீழவீதித் தையல்கடை

எல்லாருக்கும் நன்றி. கூட்டம் நேற்று முடிந்தது, நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

தரைக்கடைச் சங்கத்துத் தம்பி சொன்னது சுருக்கென்று தைத்தது. மறுநாளே விடியற்காலை ஐந்து மணிக்குத் தேரடிக்குப் போய் உட்கார்ந்தேன். பூக்காரப் பெண்கள் மட்டும் 23 பேர். தினமும் அவர்களிடம்தான் பூ வாங்குகிறேன், ஆனால் எண்ணியது அன்றைக்குத்தான். யாரிடமும் சான்றிதழ் இல்லை. 23 பேரின் பெயரையும், எத்தனை வருடமாக அங்கே உட்காருகிறார்கள் என்பதையும் நோட்டில் எழுதி அவரவர் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினேன்.

ஐயா சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை கோலப்பொடிக் கோடும் போட்டோம். பள்ளிப் பிள்ளைகள் 12 பேர் வாளி கொண்டுவந்து கம்பத்துக்குக் கம்பம் கவிழ்த்து வைத்தார்கள். ஆறு மணிக்குள் கூட்டம் கூடிவிட்டது. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் தேரடி முனையில் இருந்த இரண்டு வாளிகளைக் காலால் தள்ளிவிட்டார். தேர் திரும்பும்போது பின்சக்கரம் எவ்வளவு விலகும் என்று கையை விரித்துக் காட்டினார். அந்த இரண்டு கம்பங்களும் நட்டிருந்தால் பங்குனியில் தேர் அந்த முனையில் நின்றிருக்கும். மின்கம்பி மண்ணுக்கடியில் போவதில் அவருக்குத்தான் ரொம்ப சந்தோஷம். இனி தேரோட்டத்துக்குக் கம்பியை அவிழ்த்துக் கட்ட வேண்டாம் அல்லவா.

கவுன்சிலர் பேசிக் கூட்டத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்கு, எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் வைக்கச் செய்தார். அதுவே பாதி வெற்றி. 130 பேருக்கு மேல் வந்தார்கள். நான் முதலில் எழுந்து, இன்னும் முடிவாகாதது எது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு உதவிப் பொறியாளர் நேர்மையாகவே சொன்னார்: மொத்தத் தொகையும் வடிகாலின் அளவும் முடிவாகிவிட்டன, கம்பங்கள், இருக்கைகள், வியாபாரிகளுக்கான இடம், தூண்கள் இன்னும் திறந்திருக்கின்றன, தொழில்நுட்ப அனுமதிக்குப் போகவில்லை. அப்புறம் இரண்டு மணி நேரமும் அந்த நான்கைப் பற்றி மட்டுமே பேசினோம், யாரும் சத்தம் போடவில்லை. தேரடிக் கம்பங்கள் இடம் மாறுகின்றன. 90 செ.மீ. எழுதப்பட்டது. கேமராக் கேள்விகளுக்கு அங்கே யாருக்கும் பதில் தெரியவில்லை, எழுத்தில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டக் குறிப்பின் நகல் கையில் வராமல் நான் விடப்போவதில்லை. நகர விற்பனைக் குழு விஷயத்தில் தெளிவான பதில் இல்லை. அதற்குத் தனியாக மனு போட்டாகிவிட்டது.

பேருந்து நிலையத்துப் பாட்டிகளில் இரண்டு பேரை இந்த முறை கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இருக்கை எப்படி வேண்டும் என்று கேட்டபோது ஒரு பாட்டி, "உக்கார எடம் அப்புறம் பாத்துக்கலாம். தலையிலேருந்து கூடையை எறக்கிவைக்க ஒரு எடம் போடுங்க. எறக்கிவிட ஆள் தேடி அலைய முடியல" என்றார். அந்தக் காலத்துச் சுமைதாங்கிக் கல்லைத்தான் சொல்கிறார். எங்கள் தெரு முனையில் ஒன்று இருந்ததாம், சாலை போட்டபோது எடுத்துவிட்டார்களாம். உதவிப் பொறியாளர் பையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். பாட்டியை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, தரையிலிருந்து தோள் வரைக்கும் பிடித்தார். நாலடிக்கு ஒரு அங்குலம் குறைவு. அதை வரைபடத்தின் ஓரத்திலேயே பென்சிலால் குறித்துக்கொண்டார்.